அரசாணையில் வந்ததும் சட்டத்தில் நின்றதும்

(2025 நவம்பரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் நினைவாக நடக்கிறது. அவர் ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையில் ஒரு பகுதியைப் பிள்ளைகள் வங்கியில் போட்டு வைத்து, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பணிக்கொடை என்று ஒன்று அவருக்குக் கிடைத்ததால்தான் நாம் இன்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பேச்சின் நடுவில் இதற்குத் திரும்பி வருவேன்.

எனக்குக் கொடுத்த பொருள், ஆசிரியர் இயக்கம் சட்டமன்றத்திடம் எதைக் கேட்க வேண்டும் என்பது. கோரிக்கைப் பட்டியல் நம் எல்லாரிடமும் இருக்கிறது. துண்டறிக்கையில் 10 கோரிக்கை, மாநாட்டுத் தீர்மானத்தில் 24 கோரிக்கை. அவற்றை நான் திரும்பப் படிக்கப் போவதில்லை. கேட்பதை எந்த வடிவத்தில் கேட்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதற்கு என் அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா அரசு உதவி பெறும் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். 1968 வாக்கில் எனக்கு ஏழு வயது. மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை அவர் தாளாளர் வீட்டுக்குப் போவார். சில தடவை என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். திண்ணையில் ஒரு சாய்வு மேசை. அதன் மேல் சம்பளப் பதிவேடு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருக்கும். அப்பா பேனா மூடியைக் கழற்றி, ஸ்டாம்பின் குறுக்கே நிதானமாகக் கையெழுத்துப் போடுவார். பதிவேட்டில் இருந்த தொகை 120 ரூபாய். கையில் வந்தது 90. ஸ்டாம்புக்கான காசையும் அவரே கொடுப்பார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தத் தொண்ணூறைப் பாயில் வைத்து மளிகைக்கு, பாலுக்கு, சீட்டுக்கு என்று பிரிப்பாள்.

அந்த 30 ரூபாயைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? கையெழுத்து அவருடையது. ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் சொன்னால் அடுத்த வாரம் வேலை போகும். போனால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அந்தக் காலத்து உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களில் இப்படிக் கையெழுத்துப் போட்டவர் என் அப்பா ஒருவர் மட்டுமில்லை. இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் தலையசைப்பதைப் பார்க்கிறேன்.

இந்த நிலையை மாற்றத் துணை நின்றது ஒரு சட்டம். தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1973. நடைமுறைக்கு வந்தது 1974 டிசம்பரில். அதன் 22ஆம் பிரிவை அப்பா மனப்பாடமாகச் சொல்வார். தகுதி வாய்ந்த அலுவலரின் முன் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கவோ முடியாது. தற்காலிகப் பணிநீக்கம் இரண்டு மாதம். காரணம் காட்டினால் இன்னும் இரண்டு மாதம், அவ்வளவுதான். அடுத்த பிரிவில் மேல்முறையீட்டு உரிமை. சட்டம் வந்த பிறகு ஒரு மாலை தாளாளர் வீட்டுக்குப் போன அப்பா, ஸ்டாம்பின் மேல் பேனாவை வைப்பதற்கு முன் தொகையை எண்ணித் தரச் சொல்லியிருக்கிறார். அன்று அம்மா பாயில் பிரித்தது முழுச் சம்பளம். அந்த வயதில் எனக்கு அதன் பொருள் தெரியவில்லை. சமையலில் வெங்காயம் கூடியது தெரிந்தது.

(அந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2018ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டம் இருக்கிறது. உதவி பெறும் பள்ளிகளில் இருக்கும் இளைய ஆசிரியர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

பக்கத்துக் கேரளத்தில் இது நமக்கு முன்பே நடந்தது. 1957இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவில், உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும் என்று எழுதியிருந்தது. குடியரசுத் தலைவர் அதை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். திருத்தங்களோடு அது சட்டமாகியது. 1959 ஜூலையில் அந்த ஆட்சியே கலைக்கப்பட்டது. சட்டம் மட்டும் நின்றது. இன்றும் அங்கே உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டம் வந்த காலத்தில் நமக்குச் சட்ட மேலவை இருந்தது. அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவுப்படி, மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே பணிபுரிந்தவர்களுக்கு அந்த வாக்கு கிடையாது. என் அப்பாவைப் போன்றவர்களுக்கு அது குறைதான். ஆனாலும் அவையில் எழுந்து ‘இந்தப் பிரிவு போதாது, இந்தச் சொல்லை மாற்றுங்கள்’ என்று சொல்ல ஆசிரியர் தொகுதியிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு தமிழ்நாட்டு மேலவை இல்லாமல் போயிற்று. 2010இல் மீண்டும் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் முயற்சி நின்றது. கர்நாடகம், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், பீகார், ஆந்திரம், தெலங்கானா ஆகிய ஆறு மாநில மேலவைகளில் இன்றும் ஆசிரியர் தொகுதி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நமக்கு இல்லை. மேலவை போனதிலிருந்து நம்முடைய பேச்சு பெரும்பாலும் துறைச் செயலாளர் அறையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே கிடைப்பது அரசாணை.

அரசாணையை நான் குறைத்துப் பேசவில்லை. 1981 ஜூனிலிருந்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனதால்தான் 1986இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னை அரசு ஊழியர் என்று எழுதினார்கள். என் அப்பாவுக்கு இருந்த பயம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் ஓர் ஆணையில் எழுதியதை இன்னோர் ஆணையில் எடுத்துவிடலாம். அதற்கு அவையில் விவாதம் வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம். ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து.

எப்படி என்று பாருங்கள். 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மா பாய்ந்தது. ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமையும் கிடையாது, சட்ட உரிமையும் கிடையாது, தார்மீக உரிமையும் கிடையாது என்று சொன்னது அந்தத் தீர்ப்பு. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

அதே ஆகஸ்ட் 6ஆம் தேதியிட்டு நிதித்துறையிலிருந்து 259 எண்ணுள்ள அரசாணை வந்தது. 2003 ஏப்ரல் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். ஊழியர் 10 விழுக்காடு, அரசு 10 விழுக்காடு. ஆணையின் தேதி ஆகஸ்ட், நடைமுறைத் தேதி ஏப்ரல். அந்த ஜூனில் நியமன ஆணையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியை, தான் சேரும்போது இருந்த ஓய்வூதியம் தனக்கு இல்லை என்று இரண்டு மாதம் கழித்து அறிந்திருப்பார்.

ஓய்வூதியம் இனாம் இல்லை, உழைத்த உழைப்புக்குரிய உரிமை என்று 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த உரிமை நம்மிடம் சட்டமன்றம் இயற்றிய சட்டமாக இல்லாமல், 1978ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளாகத்தான் இருந்தது. விதியில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். ஒரு தலைமுறையே வெளியே நின்றது. அவர்களுக்குப் பணிக்கொடையும் இல்லாமல் போயிற்று. இந்த அறக்கட்டளையைப் போல ஒன்றை அவர்களுடைய பிள்ளைகள் அப்பா பெயரில் தொடங்க நினைத்தாலும், அந்தப் பணம் வேறு எங்கிருந்தாவதுதான் வர வேண்டியிருந்தது.

பழைய திட்டம், பங்களிப்புத் திட்டம், ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த திட்டம் ஆகிய மூன்றையும் ஆராய 2025 பிப்ரவரியில் மாநில அரசு ஒரு குழுவை அமைத்தது. குழு எதைப் பரிந்துரைத்தாலும், அரசு எதை அறிவித்தாலும், நம்முடைய கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும்: இதை மசோதாவாக அவையில் வைப்பீர்களா? ராஜஸ்தான், சத்தீஸ்கர், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் என்று பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்புவதாக அறிவித்த மாநிலங்களின் ஆசிரியர்களும் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. ஆட்சி மாறும் நாளில் அறிவிப்பு தாங்காது.

சட்டம் தாங்குமா என்றால், தாங்கியதை நாமே பார்த்திருக்கிறோம். சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. 2011இல் புதிய அரசு அதைத் தள்ளிப்போட முடிவு செய்தது. ஆணை போட்டு நிறுத்தியிருக்க வழியில்லை, அது சட்டம். எனவே திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பத்து நாட்களுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்தச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு மாதம் பாடநூல் இல்லாமல் பள்ளிக்கு வந்தார்கள். நாங்கள் கதை சொன்னோம், கணக்குப் போட வைத்தோம், தோட்டத்தில் விதை போட்டு முளைப்பதை வரையச் சொன்னோம். புத்தகக் கட்டு வந்து இறங்கிய அன்று ஐந்தாம் வகுப்புப் பையன்கள் அதைத் தலையில் சுமந்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

சட்டம் என்றாலே நன்மை என்று நான் சொல்லவில்லை. எஸ்மாவும் சட்டம்தான். அதனால்தான் எழுதும்போதே நாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி, என் பார்வையில் முதலில் எழுத வேண்டிய பிரிவுக்கு வருகிறேன். அது சம்பளத்தைப் பற்றியது இல்லை.

போன ஆண்டு ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போயிருந்தேன். நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலான பிள்ளைகள், ஐந்து வகுப்புகள். தலைமை ஆசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்க்கிறார். இளைய ஆசிரியை ஒன்று முதல் மூன்று வரை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அந்த மூன்று வகுப்பும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார்ந்திருந்தன. அன்று தலைமை ஆசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். ஐந்து வகுப்பும் அந்தப் பெண்ணின் கையில். செல்பேசியில் வருகைப் பதிவு ஏறவில்லை. சிக்னல் தேடி வேப்ப மரத்தடிக்குப் போனார். வந்ததும் முட்டைக் கணக்குக்குக் கையெழுத்து. அதற்குள் நான்காம் வகுப்பில் சண்டை. அரும்பு வரிசையில் ஒரு சிறுமி புத்தகத்தைத் திறந்து, முதல் சொல்லின் அடியில் விரலை வைத்துக்கொண்டு, டீச்சர் வந்து கேட்பார் என்று காத்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம். விரலை எடுக்கவில்லை. டீச்சர் வந்து குனிந்தபோது ‘படம்’ என்று ஒரே மூச்சில் படித்தாள்.

அந்த ஆசிரியை அன்று எந்த விதியையும் மீறவில்லை, அரசும் மீறவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. 61 முதல் 90 வரை மூன்று. தனித் தலைமை ஆசிரியர் 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான். தலையை எண்ணியிருக்கிறார்கள், வகுப்பை எண்ணவில்லை. ஆறு முதல் எட்டு வரை அதே அட்டவணை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏன் வேண்டாம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அட்டவணையில் இருப்பது கீழ் எல்லை. அதற்கு மேலே போக மாநிலத்துக்குத் தடை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரே வரியில் எழுதலாம்: பிள்ளைகள் எத்தனை பேரானாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். செலவு ஆகும். நிதித்துறை எதிர்க்கும். இந்த ஒரு வரிக்காக நாம் மற்ற பத்துக் கோரிக்கைகளைப் பின்வரிசைக்கு அனுப்பினாலும் தகும்.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர ஆசிரியருக்குக் கல்வி சாராத பணி கொடுக்கக் கூடாது என்கிறது. தேர்தல் என்ற சொல்லுக்குள் வாக்காளர் பட்டியல் வேலையும் நுழைந்துவிட்டது. இந்த மாதம் வீடு வீடாகப் படிவம் கொண்டு போகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். அந்த வேலையைப் பள்ளி இல்லாத நாட்களிலும் நேரங்களிலும்தான் தர வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மரத்தடியில் சிக்னல் தேடுவது கல்விப் பணியா இல்லையா என்று எந்தச் சட்டத்திலும் விளக்கம் இல்லை. எது கல்வி சாராப் பணி என்று மாநிலச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

தகுதித் தேர்வு. உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1ஆம் தேதித் தீர்ப்புக்குப் பிறகு தூங்காத ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம், தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். புதிதாக வருகிறவருக்குத் தகுதித் தேர்வு வேண்டும். பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் 2010 ஆகஸ்டில் தேர்வைக் கொண்டுவந்த அறிவிக்கைக்கு முன்பே, அன்றைய விதிப்படி தகுதி பெற்று, இருபது இருபத்தைந்து ஆண்டு கரும்பலகை முன் நின்றவரை இப்போது தேர்வறைக்கு அனுப்புவது நியாயமாகாது. நீதிமன்றம் 23ஆம் பிரிவை வாசித்துத் தீர்ப்பு எழுதியது. அந்தப் பிரிவைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. சீராய்வு மனுவை மட்டும் நம்பியிருக்காமல், தமிழ்நாட்டின் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினர் கையிலும் திருத்த வாசகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மனு வேறு, வாசகம் வேறு. வாசகத்தோடு போகிறவரை உட்கார வைத்துப் பேசுகிறார்கள்.

இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாட்டை எல்லாரும் அறிவீர்கள். 2009 மே 31இல் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். அடுத்த நாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பயிற்சி, ஒரே பாடநூல், ஒரே பிள்ளைகள். இதைப் பற்றி இனிமேலும் விளக்க ஒன்றுமில்லை, தீர்க்க வேண்டும்.

ஆசிரியர் பதவி உயர்வு முன்னுரிமையைப் பற்றிய 2023 டிசம்பரின் 243ஆம் எண் ஆணையையும் நீட்டிப் பேசவில்லை. ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை ஒரே ஆணையில் மாநில அளவுக்கு மாற்ற முடிந்தது என்பதே நான் சொல்ல வந்ததற்குச் சான்று.

நம் கூட்டத்தில் அதிகம் பேசப்படாத இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். வாரம் மூன்று அரை நாள். 2025இல் 12,500. அதில் சேர்ந்தவர்கள் அந்த ஊதியத்திலேயே நடுத்தர வயதை எட்டிவிட்டார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது என்பதால் கோடையில் வேறு வேலைக்குப் போனார்கள். இன்னொருவர் சத்துணவுக் கூடத்தில் இருக்கிறார். 1982 முதல் அந்த அடுப்பு எரிகிறது. அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் எல்லாருக்கும் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று பெயர். அரசு ஊழியருக்குள்ள முழு ஊதியமும் இல்லை, முழு ஓய்வூதியமும் இல்லை. பிள்ளை மதியம் சாப்பிடாமல் என் வகுப்பு ஒரு நாளும் நடந்ததில்லை. அந்த அம்மாக்களை விட்டுவிட்டு ‘பொதுக் கல்வி ஊழியர்’ என்று நாம் எழுதினால் அந்தச் சொல் பொய்.

நிதி எங்கே என்று கேட்பார்கள். 2024-25ஆம் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய், ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததால் நிறுத்தப்பட்டது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம். அதைத் திரும்பப் பெறும் கோரிக்கை கட்சிகளுடையது என்று நாம் ஒதுங்கியிருந்தோம். பணம் நின்றபோது முதலில் பாதிக்கப்பட்டது நம் ஊழியர்கள். இனி அது நம் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது. கடைசி மேசையில் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற இரண்டு வழக்கறிஞர் நண்பர்களின் உதவியோடு நானே எழுதிய மசோதா வரைவு. 9 பிரிவுகள், 40 படிகள். ஓரத்தில் எழுத இடம் விட்டு அச்சிட்டிருக்கிறது. நான்காம் பிரிவு வகுப்புக்கு ஓர் ஆசிரியர். ஆறாம் பிரிவு கல்வி சாராப் பணிகளின் பட்டியல், விட்டுப்போனதைச் சேருங்கள். ஓய்வூதியம் ஏழாவது. இரண்டாம் பிரிவில் ‘ஊழியர்’ என்பதற்கு விளக்கம் எழுதும்போது பகுதிநேர ஆசிரியரையும் சத்துணவு அமைப்பாளரையும் எந்தச் சொல்லால் உள்ளே கொண்டுவருவது என்று எனக்குத் தெளிவு வரவில்லை. அந்த இரண்டு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆளுக்கொரு படி எடுத்துப் போய்ப் பென்சிலால் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.